ஊர்க் காரியத்துக்கு ஆள் சேர்ப்பது: வாசகர் கேள்வி – பதில்

நற்பணிக்கு நிதி திரட்ட விழா எடுப்பது பற்றி வாசகர்களின் கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பந்தல், மேடை, சமையல் பற்றிய கேள்விகள் குறைவு. பெரும்பாலானவை ஆட்களைப் பற்றியவை: எப்படிச் சேர்ப்பது, சேர்ந்தவர்களிடம் எப்படி வேலை வாங்குவது, பணத்தை யார் கையில் கொடுப்பது. விழாக்குழுக்களிலும் அறக்கட்டளைக் கணக்குகளிலும் பழகியவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப்பள்ளிக்கு மேசை, நாற்காலியும் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரமும் வாங்க, முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இசை நிகழ்ச்சி நடத்தப்போகிறோம். வாட்ஸ்அப்பில் கேட்டபோது 43 பேர் 'நானும் வருகிறேன்' என்று போட்டார்கள். முதல் கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர். மற்றவர்களை எப்படி வரவழைப்பது? மொத்த ஏற்பாட்டுக்கும் காலம் எவ்வளவு வேண்டும்?
(மன்னார்குடி வாசகர்)

மற்ற 37 பேரும் உங்களுக்கு வேண்டியவர்கள்தான். ஆனால் அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். 'கூட்டத்துக்கு வாங்க' என்றால் எதற்கு, எத்தனை மணி நேரம், வந்தால் என்ன வேலை தலையில் விழும் என்று எதுவும் தெரிவதில்லை. கனம் தெரியாத மூட்டைக்கு யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள். ஒருவர் தரும் நேரமும் நன்கொடைதான். ரூபாயைக் கேட்கும்போது எவ்வளவு, எதற்கு என்று சொல்லித்தானே கேட்கிறோம்? நேரத்தையும் அப்படியே கேட்க வேண்டும்.

வந்த ஆறு பேரைக் கொண்டு மையக்குழுவைத் தொடங்குங்கள். ஏழிலிருந்து ஒன்பது பேருக்கு மேல் அதில் வேண்டாம். பதினைந்து பேர் உட்கார்ந்தால் எந்த முடிவும் அடுத்த கூட்டத்துக்குப் போகும். ஒருங்கிணைப்பாளர், பொருளாளர், அவருக்குக் கணக்கு எழுத ஒருவர், டிக்கெட் விற்பனைக்கு ஒருவர், நன்கொடைக்கும் விழா மலரில் போடும் விளம்பரத்துக்கும் ஒருவர், மேடை–மைக்செட்–அனுமதிகளுக்கு ஒருவர், சாப்பாடு தண்ணீருக்கு ஒருவர். எட்டாவது ஆளைப் பெரும்பாலான குழுக்கள் மறந்துவிடுகின்றன: தன்னார்வலர் பொறுப்பாளர். யார் எந்த வேலைக்கு வருகிறார்கள், எத்தனை மணிக்கு, வராவிட்டால் யார் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போன் பேசுவது மட்டுமே அவர் வேலை. வேறு எதையும் அவரிடம் கொடுக்கக் கூடாது. பேசப் பிடிக்கிற, கோபம் வராத ஒருவரைப் பாருங்கள்.

ஆள் தேடும் முன் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசி, என்ன வாங்கப்போகிறோம், எத்தனை, விலைப்புள்ளி என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. பணம் மிஞ்சினால் எதற்கு, குறைந்தால் எதை விடுவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டத்தின் வழியாகவும் அரசுப் பள்ளிகளுக்கு உதவலாம் என்பதால், எந்த வழி உங்களுக்கு எளிது என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, முழு வேலையையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைச் சீட்டு எழுதுவது.

சீட்டில் ஐந்து விவரம் போதும்: வேலை என்ன, எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, கேட்காமல் எவ்வளவு செலவழிக்கலாம். உதாரணமாக: 'பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள 25 கடைகளில் மலர் விளம்பரம் கேட்பது. இரண்டு பேர். இரண்டு ஞாயிறு, காலை 10 முதல் 1 வரை. படிவமும் ரசீதுப் புத்தகமும் குழு தரும். பெட்ரோலுக்கு 200 ரூபாய் வரை கேட்காமல் செலவழிக்கலாம்.' கடைசி விவரம் சின்னதாகத் தெரியும். ஆனால் கைக்காசு போட்டுவிட்டு வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டே பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

பிறகு, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்யுங்கள். "அண்ணே, கடைவீதியில உங்களைத் தெரியாதவங்க இல்ல. ரெண்டு ஞாயித்துக்கிழமை, மூணு மணி நேரம் மட்டும். ரெண்டு பேராத்தான் போகப்போறீங்க. முடியுமா? முடியலைன்னா தயங்காம சொல்லுங்கண்ணே, வேற வேலை ஏதாச்சும் பாப்போம்." இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழியில்லாமல் கேட்டால் நம் ஊரில் எல்லோரும் 'சரி' என்றுதான் சொல்வார்கள். அந்தச் 'சரி' விழா அன்று வந்து சேராது.

43 பேருக்கு வெளியிலும் தேடுங்கள். கணக்கு வேலைக்கு மகளிர் சுய உதவிக்குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகளைப் போல ஆள் கிடைப்பது அரிது. வாராவாரம் சேமிப்பு வாங்கி, கடன் கொடுத்து, தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகிய கை. ஓய்வுபெற்ற வங்கி, அஞ்சலக ஊழியர்களும் அப்படியே. கூட்டத்தை ஒழுங்குபடுத்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கேட்கலாம். அவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதனால் கல்லூரியின் திட்ட அலுவலருக்குத் தேதி, நேரம், வேலை, எத்தனை பேர் என்று எழுதி ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் இசைவார்கள். முதல் நாள் போன் செய்து 'இருபது பசங்களை அனுப்புங்க சார்' என்றால் நடக்காது.

காலம் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இசை நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு வாரம். முதல் மூன்று வாரம் ஆள், அடுத்த ஆறு வாரம் விளம்பரமும் நன்கொடையும் டிக்கெட்டும், கடைசி மூன்று வாரம் மேடை வேலை. தலைகீழாகத் தொடங்கி, முதல் வாரமே பாடகருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஆள் தேடுகிறவர்கள்தான் கடைசியில் சொந்தப் பணத்தைப் போடுகிறார்கள்.

எங்கள் பக்கம் மொய் விருந்து வழக்கமானது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளின் போக்குவரத்துச் செலவுக்கு அதே முறையில் நிதி திரட்ட எங்கள் அறக்கட்டளை விரும்புகிறது. 300 குடும்பங்கள், சுமார் 600 பேர் வருவார்கள். எத்தனை தன்னார்வலர் தேவை? எதில் கவனம் வேண்டும்?
(பேராவூரணி வாசகி)

அருமையான யோசனை. 2024இல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஓர் உணவகம் இப்படி விருந்து வைத்து நிதி சேர்த்தது நினைவிருக்கலாம். சாப்பிட்டவர்கள் தங்களால் முடிந்ததை வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் திண்டுக்கல்லில் இல்லாத ஒரு சிக்கல் உங்களுக்கு உண்டு. பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் மொய் என்பது கணக்கு. இன்று செய்தது இன்னொரு நாள் திரும்பி வர வேண்டும். நோட்டில் ஊர், பெயர், தொகை எழுதினால், 'நமக்கு யார் திருப்பிச் செய்வார்?' என்ற கேள்வி மனதில் வரும். சிலர் பழைய பாக்கியைக் கழிப்பதாக நினைத்துக் குழு உறுப்பினர் ஒருவர் பெயரில் எழுதச் சொல்வார்கள்.

அதனால் அழைப்பிதழிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்: 'இது திரும்பச் செய்யும் மொய் அன்று, அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடை.' மேசையில் வழக்கமான மொய் நோட்டு இருக்கவே கூடாது. எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் மட்டும். மைக்கில் தொகையை வாசிப்பதும் வேண்டாம். பெயரையும் ஊரையும் சொல்லி நன்றி சொன்னால் போதும். தொகையை வாசித்தால் 500 ரூபாய் தர வந்தவர் கூசித் திரும்பிப் போவார். ஊரில் மற்றவர்கள் மொய் விருந்து வைக்கும் ஆடி, ஆவணியையும் தவிருங்கள். அந்த மாதங்களில் எல்லார் கையும் ஏற்கெனவே இறுகியிருக்கும்.

இனி ஆள் கணக்கு. ரசீது மேசைக்கு மூன்று பேர்: பணத்தை வாங்கி வாய்விட்டு எண்ணுபவர், பேரேட்டில் எழுதுபவர், ரசீது கிழித்துத் தருபவர். ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். மேசை ஒன்றுக்கு மணிக்கு 30 குடும்பம். மூன்று மணி நேரத்தில் 300 குடும்பம் என்றால் மணிக்கு நூறு, ஆகவே நான்கு மேசை, 12 பேர். மாற்றிவிட இருவரைச் சேர்த்து 14.

பந்தியில் நூறு இலை என்றால் 600 பேருக்கு ஆறு பந்தி. இலை போட்டு, பரிமாறி, எடுத்து, துடைத்து அடுத்த பந்தி உட்கார 35 நிமிடம். மொத்தம் மூன்றரை மணி நேரம். நூறு இலைக்கு 14 பேர் பரிமாற வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் ஒரே ஆளால் குனிந்து நிமிர முடியாது. மூன்றாவது பந்தியோடு ஆளை மாற்றுங்கள். ஆக 28 பேர். தண்ணீருக்கு இரு முறையும் இருவராக 4. இலை எடுக்க நால்வராக 8. வரிசையை ஒழுங்குபடுத்த 4, வண்டி நிறுத்தத்துக்கு 4, முதியவர்களைக் கைப்பிடித்து உட்கார வைக்க 2, முதலுதவிக்கு 2, சமையல் மாஸ்டரோடு பேச ஒருவர், சாமான் அறைச் சாவிக்கு ஒருவர். மொத்தம் 68. ஐந்தில் ஒருவர் அன்று வரமாட்டார் என்று வைத்துக்கொண்டால், 85 பேரிடம் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். குடிநீர் ஆளுக்கு ஒரு லிட்டர் வீதம் 20 லிட்டர் கேன் 30. கை கழுவத் தனித் தொட்டி.

இலை எடுப்பது பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் பல குழுக்கள் தங்களை அறியாமலும், சில அறிந்தும், சாதி பார்க்கின்றன. குறிப்பிட்ட தெருப் பையன்களே எப்போதும் இலை எடுக்கிறார்கள் என்றால் அது நற்பணி விழா ஆகாது. சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுங்கள். மையக்குழுவில் இருப்பவர்கள் பெயரும் அந்தக் குடுவைக்குள் இருக்கட்டும். குழுத்தலைவர் முதல் பந்தி இலையை எடுத்தால் அன்று முழுவதும் எந்த வேலைக்கும் முணுமுணுப்பு இருக்காது. பாத்திரம் கழுவுவதற்கு மட்டும் கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அண்டா கழுவுவது பழகிய கைகளின் வேலை.

இன்னொன்று: முதல் மூன்று பந்திக்குப் பரிமாறுகிறவர்கள் விருந்து தொடங்கும் முன்பே சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டாம் முறைக்காரர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். 'எல்லாரும் சாப்பிட்ட பிறகு நாம' என்று விட்டால், கடைசியில் கறி தீர்ந்து ரசம் சோறுதான் இருக்கும். நாள் முழுக்க உழைத்தவர்களை அப்படி அனுப்பக் கூடாது.

மேடை, அனுமதி வேலைகளை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தாமாக எடுத்துக்கொண்டார். ஆறு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் 50,000 ரூபாய் நன்கொடை தந்தவர், குழுவில் பாதிப் பேருக்கு மாமா முறை. மாற்றவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.
(கும்பகோணம் வாசகர்)

முதலில் ஏன் நடக்கவில்லை என்று பாருங்கள். சோம்பல் அரிதாகத்தான் காரணம். எந்த அலுவலகத்தில் எந்த மனு என்று தெரியாமல் இருக்கலாம், தெரியாது என்று சொல்ல வயது தடுக்கலாம். இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்.

போனில் கேட்காதீர்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போங்கள். ஒருவர் மாமா முறைக்காரராக இருப்பது நல்லது. நிலைமை என்ன என்று விசாரணை போலத் தொடங்காமல், தேதியோடு ஒரே ஒரு காரியத்தை முன்வையுங்கள். "மாமா, ஒலிபெருக்கி அனுமதி மனுவை இந்த வெள்ளிக்குள்ள ஸ்டேஷன்ல குடுத்தாகணும். எழுதிக் கொண்டாந்திருக்கேன், நீங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா தம்பி கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருவான். இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசினாப் போதும்." அவருடைய செல்வாக்கு அவரிடமே இருக்கட்டும், ஓட்டம் இன்னொருவருக்கு. அடுத்த கூட்டத்தில் அவரை 'புரவலர்' என்று தீர்மானத்தில் எழுதி, மேடைப் பொறுப்புக்கு 'அவருக்குத் துணையாக' ஓர் இளைஞரை நியமியுங்கள். நடைமுறையில் பொறுப்பு கைமாறிவிடும். யாருக்கும் முகம் வாடாது.

அனுமதியை இதற்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். நிகழ்ச்சி 9.30க்கு முடியும்படி மனுவில் எழுதுங்கள்; கடைசி அரை மணி நேரம் நன்றியுரைக்கும் தாமதத்துக்கும் போய்விடும்.

அடுத்த விழாவுக்கு, முதல் கூட்டத்திலேயே, யாரையும் மனதில் வைக்காமல், ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்: ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணை உண்டு, சொன்ன தேதி இரண்டு முறை தவறினால் துணை அந்த வேலையை எடுத்துக்கொள்வார். சிக்கல் வந்த பிறகு இதே விதியைக் கொண்டுவந்தால் ஒருவரைக் குறிவைத்ததாக ஆகும்.

குழு வாட்ஸ்அப்பில் நாளுக்கு 200 செய்தி வருகிறது. முக்கியமானது எதுவும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.
(சேலம் வாசகி)

இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குழு. வாரத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் அதில் வேண்டாம். இன்னொன்று பேச்சுக்கு. முடிவு எதுவும் வாட்ஸ்அப்பில் எடுக்கக் கூடாது, கூட்டத்தில் மட்டுமே. கூட்டம் முடிந்த அன்றிரவே நான்கு கட்டம் போட்ட ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அறிவிப்புக் குழுவில் போடுங்கள்: வேலை, ஆள், தேதி, முடிந்ததா. யாருடைய தவறையும் குழுவில் சுட்டிக்காட்டாதீர்கள், அதற்குத் தனிப் போன். குரல் பதிவு அனுப்புகிறவர்களிடம் மட்டும் அன்பாகச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தேதியும் தொகையும் குரலில் தொலைந்துபோகும்.

எங்கள் பொருளாளர் மிக நேர்மையானவர். ஆனாலும் சென்ற ஆண்டு உணவுத் திருவிழா முடிந்ததும் 'பணம் எங்கே போனது' என்று பேச்சு கிளம்பி, அவர் மனம் நொந்து விலகிவிட்டார். இந்த ஆண்டு அந்தப் பொறுப்புக்கு யாரும் வரவில்லை.
(திருநெல்வேலி வாசகர்)

நேர்மையானவரைத் தனியாகப் பணத்தோடு விட்டது குழுவின் பிழை. பணத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பேர் இருந்தால் பேச்சு எழ வழியில்லை. அந்த ஏற்பாட்டைக் காட்டிக் கேளுங்கள், பொருளாளர் கிடைப்பார். விலகியவரிடமும் ஒரு முறை போய்ப் பேசிப் பாருங்கள்.

அச்சகத்திலிருந்து வந்த அன்றே ரசீதுப் புத்தகங்களையும் டோக்கன்களையும் எண்ணி, ஒரு பதிவேட்டில் யாருக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிழையான ரசீதைக் கிழித்துப் போடக் கூடாது. குறுக்கே கோடிட்டு அடிக்கட்டையோடு வைக்க வேண்டும். டோக்கன் விற்றவர் திரும்பி வரும்போது கணக்கு இப்படி நேராக வேண்டும்: ஒருவரிடம் 301 முதல் 350 வரை 50 டோக்கன், விலை 150 ரூபாய். திரும்பியது 12, விற்றது 38. வர வேண்டியது 5,700. யுபிஐயில் 23 டோக்கனுக்கு 3,450, ரொக்கம் 15 டோக்கனுக்கு 2,250. யுபிஐ தொகையை அவர் சொல்லை வைத்து எழுதாமல், வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்து எழுதுங்கள். இதற்காகவே ஒவ்வொரு விற்பனையாளரும் பணம் வந்த நேரத்தையும் டோக்கன் எண்ணையும் குறித்துவைக்க வேண்டும்.

க்யூஆர் அட்டை அறக்கட்டளையின் கணக்குக்கு உரியதாக மட்டுமே இருக்க வேண்டும். 'அவசரத்துக்கு என் ஜிபேவில் போடுங்க' என்று ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை சொன்னாலும் போதும், சென்ற ஆண்டுப் பேச்சு மறுபடி கிளம்பும். அட்டையின் மேல் வேறு யாரும் தங்கள் க்யூஆரை ஒட்டிவிட்டார்களா என்று மணிக்கு ஒரு முறை ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். பணம் அனுப்பியதாக வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி டோக்கன் தர வேண்டாம். பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி ஒன்று கவுன்டரில் இருக்கட்டும்.

விழா அன்று கவுன்டரில் பணம் குவியக் கூடாது. மணிக்கு ஒரு முறை இருவர் வந்து, எத்தனை ஐந்நூறு, எத்தனை இருநூறு என்று நோட்டு வாரியாகச் சீட்டெழுதி, கவுன்டர்காரரும் அவர்களும் கையெழுத்திட்டு, உறையில் ஒட்டி எடுத்துப் போக வேண்டும். எண்ணும் அறையில் உறவினர் அல்லாத இருவர். அன்றைய வசூலிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவுக்கு எடுக்காதீர்கள். தக்காளி தீர்ந்தது, ஐஸ் வேண்டும் என்று கல்லாவில் கை வைக்கும் இடத்தில்தான் கணக்கு உடைகிறது. சில்லறைச் செலவுக்கு 15,000 ரூபாயை முந்தின நாளே வங்கியிலிருந்து எடுத்துத் தனி ஆளிடம் கொடுங்கள். பில்லோடு அவர் கணக்கு கொடுப்பார்.

வரி பற்றி மூன்று செய்தி. நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு தரும் சலுகை (80ஜி என்று அறியப்படுவது) உள்ள அறக்கட்டளை என்றாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்த நன்கொடைக்குக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அரிசி, எண்ணெய் என்று பொருளாகத் தந்தாலும் கிடையாது. ஒரே விழாவில் ஒருவரிடமிருந்து ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. பிரித்து வாங்கினாலும் தவறு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். சாப்பாட்டு டோக்கன் நன்கொடை ஆகாது, அதற்கு நன்கொடை ரசீது போடாதீர்கள். சலுகை கேட்கும் நன்கொடையாளரிடம் முகவரியும் பான் எண்ணும் அப்போதே வாங்கிவிடுங்கள். மார்ச் முடிந்த பிறகு தேடி அலைந்தால் பாதி கிடைக்காது.

கனடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். எங்கள் குழு பதிவு செய்யப்பட்ட சங்கம், வாங்கலாமா?
(சிவகங்கை வாசகர்)

சங்கப் பதிவு மட்டும் இதற்குப் போதாது. அனுப்புகிறவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து, முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர் கனடா குடியுரிமை பெற்றிருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது வெளிநாட்டுப் பணம். அங்குள்ள தமிழ்ச் சங்கம் தந்தாலும் அப்படியே. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவும், புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான தனிக் கணக்கும் இல்லாமல் அதை வாங்கக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் ஒருவர் மற்றவர்களிடம் வசூலித்துத் தம் பெயரில் அனுப்புவதும் தவறு. நல்ல மனதோடு செய்தாலும் மாட்டிக்கொள்வது உங்கள் செயலாளரும் பொருளாளரும்தான்.

டிக்கெட் விற்பனையைக் கூட்ட 'லக்கி டிரா', முதல் பரிசு ஸ்கூட்டர் என்று போடலாமா?
(ஈரோடு வாசகர்)

வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை. காசு கொடுத்து வாங்கிய சீட்டைக் குலுக்கிப் பரிசு தருவது அந்தச் சிக்கலுக்குள் போய்விடும். ஸ்கூட்டர் கொடுக்க முன்வந்த ஸ்பான்சரிடம் அந்தத் தொகையை நன்கொடையாகக் கேளுங்கள். அல்லது அதை மேடையில் வெளிப்படையாக ஏலம் விடுங்கள். கோயில் விழாக்களில் ஏலம் கேட்டுப் பழகிய ஊருக்கு அது இயல்பாகவே வரும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவிகள் உதவ ஆர்வமாக இருக்கிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா?
(நாகர்கோவில் வாசகி)

தாராளமாக. ஆனால் 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்துள்ள ஒப்புதல் கடிதம் வேண்டும். அதில் வேலை, நேரம், அழைத்துப்போக யார் வருவார் என்பது இருக்கட்டும். மாலை 6 மணிக்குள் அவர்கள் வேலை முடிய வேண்டும். பணமும் கொதிக்கும் பாத்திரமும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. வரவேற்பு, இருக்கை காட்டுவது, முதியவர்களுக்குத் துணை, பதிவேட்டில் பெயர் எழுதுவது பொருத்தமான வேலைகள். இரண்டு இரண்டு பேராகவே நிறுத்துங்கள். அவர்களுக்கென்று ஒரு பெண் பொறுப்பாளர் நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவர் எண் அடையாள அட்டையின் பின்புறம் இருக்க வேண்டும். தன்னார்வலர்களுக்கான கழிப்பறை எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். ஆண்கள் மட்டும் உள்ள குழுக்கள் இதை மறந்துவிடுகின்றன. பகல் முழுதும் அந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே நிற்பார்கள்.

விழா நன்றாக நடந்தது. ஆனால் அடுத்த ஆண்டு யாரும் திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறோம்.
(வேலூர் வாசகர்)

மேடையில் யாருக்குச் சால்வை போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். சிறப்பு விருந்தினர்கள், நன்கொடையாளர்கள், தலைவர், செயலாளர். வண்டி நிறுத்தத்தில் வெயிலில் ஐந்து மணி நேரம் நின்ற பையன் பெயர் எங்காவது வந்ததா? சால்வையைக் குறைத்து, விழா மலரின் ஒரு பக்கத்தில் எல்லாத் தன்னார்வலர் பெயரையும் அகர வரிசையில் போடுங்கள். ஒரு பெயரும் விடுபடாமல் இருக்கத் தன்னார்வலர் பொறுப்பாளரின் பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். பெயர் விடுபட்டவர் நிச்சயம் வரமாட்டார்.

ஏழு நாளுக்குள் ஒரு கூட்டம் போடுங்கள். எல்லாரையும் கூப்பிடுங்கள், சுண்டலும் டீயும் போதும். மூன்று கேள்வி: எது நன்றாக நடந்தது, எங்கே நெரிசல் ஆனது, அடுத்த முறை உங்கள் வேலையைச் செய்ய வருபவருக்கு என்ன சொல்வீர்கள். மூன்றாவதற்கு வரும் பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'மேற்கு வாசலில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில், பந்தலை இரண்டு தூண் நீட்டணும்', 'டோக்கன் கவுன்டருக்குப் பத்து ரூபாய் நோட்டு நூறு வேணும்' போன்ற குறிப்புகள் எந்த அறிக்கையிலும் இருக்காது.

பதினைந்து நாளுக்குள் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். 'மொத்த வசூல்' மட்டும் போடாதீர்கள். செலவு போக எவ்வளவு, அது எந்தத் தேதியில், எந்தக் காசோலை எண்ணில், எங்கே போனது என்றும் இருக்க வேண்டும். பணம் பொருளாக மாறிய அன்று, இயந்திரம் பொருத்தும்போதோ நோயாளிக்கு முதல் உதவித்தொகை போகும்போதோ, தன்னார்வலர்களில் நான்கு பேரை அழைத்துப் போங்கள். மையக்குழுவில் இல்லாத நான்கு பேர்.

கடைசியாக ஒரு பெட்டி. மீதமிருந்த ரசீதுப் புத்தகங்கள் (குறுக்கே கோடிட்டு ரத்து செய்தவை), அடிக்கட்டைகள், வேலைச் சீட்டுகள், பந்தல்காரர், மைக்செட், சமையல் மாஸ்டர் கொடுத்த விலைப்புள்ளிகள், அனுமதி மனுக்களின் நகல், தன்னார்வலர் பட்டியல், அந்த மூன்றாவது கேள்வியின் பதில்கள். ஒருவர் வீட்டுப் பரணில் வைக்காமல், அறக்கட்டளை அலுவலகத்திலோ நூலகத்திலோ வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.